பாஸ் ஏன் பாஸாகவில்லை?

சேலம் பக்கம் ஒரு வீட்டில் கல்யாணம் நிச்சயமானால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுத்துக்கொண்டு கிளம்புகிற ஊர் இளம்பிள்ளை. வாய்வழக்கில் எலம்பிள்ளை. கஞ்சமலைக்குப் பக்கத்தில் தெருவுக்குத் தெரு விசைத்தறிச் சத்தமும், திரும்பின பக்கமெல்லாம் சேலைக் கடையுமாக இருக்கிற ஊர். எங்கள் சொந்தத்திலும் ஒரு கல்யாணம் வந்தது. கடையில் பெண்கள் நாற்பதாவது சேலையைப் பிரித்துப் பார்த்து, முதலாவது சேலையை மறுபடி எடுக்கச் சொன்ன கட்டத்தில், அந்த இடத்தில் ஓர் ஆண் செய்யக்கூடிய ஒரே உருப்படியான காரியத்தை நான் செய்தேன். வெளியே வந்து டீ குடித்தேன்.

டீக்கடையை ஒட்டி ஒரு சின்ன அறை. தறிக்காரர்களுக்கு ஜக்கார்டு டிசைன் போட்டுக் கொடுக்கிற இடம். உள்ளே முப்பதை நெருங்குகிற ஒரு தம்பி. பார்டருக்கும் முந்திக்கும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக டிசைன் போட்டு, பென்டிரைவில் ஏற்றித் தருகிறார். மேஜையில் ஒரு புது கம்ப்யூட்டர். பக்கத்தில் ஒரு பழைய லேப்டாப். பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்ததாம். பாட்டரி செத்து வருஷக்கணக்காகிறது. ஒயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். பழைய டிசைன்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

ஏதோ ஒரு பழைய டிசைன் வேண்டுமென்று அதை ஆன் செய்தார். கறுப்புத் திரையில் சில வரிகள். முதல் வரியில் 'பாஸ்'. கடைசி வரியில் 'விண்டோஸ்'. தம்பியின் விரல் தானாகப் போய்க் கீழ் அம்புக்குறியைத் தட்டியது.

“மேல இருக்கறது என்னப்பா?” என்று கேட்டேன்.

“அது என்னமோ பாஸ்ங்க. லேப்டாப்போட கூடவே வந்துச்சு. யாரும் தொடறதில்ல. சும்மா விட்டா அதுவா உள்ள போயிரும். சட்டுனு கீழ தட்டிட்டா நம்ம விண்டோஸ் வந்துரும்.”

நம்ம விண்டோஸ்! கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்து ரெட்மண்ட் ஊர்க் கம்பெனியின் சரக்கு 'நம்ம' ஆகிவிட்டது. சென்னையில் உருவாகி, பெயரிலேயே பாரதத்தைச் சுமந்துகொண்டு வந்தது 'அது என்னமோ' ஆகிவிட்டது. இது எப்படி நடந்தது என்பதைத்தான் இந்த வாரம் உங்களோடு பேச வேண்டும்.

ஆபரேட்டிங் சிஸ்டம் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வரி. தறிக்கூடத்தில் மேஸ்திரி இருப்பார் அல்லவா? எந்தத் தறிக்கு எந்தப் பாவு, யாருக்கு எப்போது நூல் என்று பிரித்துக் கொடுப்பவர். கம்ப்யூட்டருக்குள் அந்த வேலையைச் செய்வதுதான் ஆபரேட்டிங் சிஸ்டம். தமிழில் இயங்குதளம், இயக்க அமைப்பு என்று பலவிதமாகச் சொல்கிறார்கள். அது இல்லையென்றால் கம்ப்யூட்டர் வெறும் பெட்டி.

'பாஸ்' என்பது பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். 2005-இல் மத்திய அரசின் ஆதரவில், சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.யு-கே.பி.சி. ஆராய்ச்சி மையமும் சேர்ந்து, கட்டற்ற மென்பொருளுக்கென ஒரு தேசிய மையம் தொடங்கின. அதன் பிள்ளைதான் பாஸ். முதல் பதிப்பு 2007 ஜனவரியில் வந்தது. அதே வருஷம் ஜூன் மாதம் 'சிவாஜி' படம், தலைப்புக்குக் கீழே 'தி பாஸ்' என்று போட்டுக்கொண்டு வந்தது. தமிழ்நாட்டில் எந்த பாஸைப் பற்றி ஜனங்கள் பேசினார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பெயர் விஷயத்தில் அதிகாரிகள் குறை வைக்கவில்லை. ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு பெயர். முதலாவது தரங். அப்புறம் அனந்த், தேஜஸ், சவீர், அனோகா, அனூப், த்ருஷ்டி, உன்னதி, ஊர்ஜா என்று வரிசையாகப் போகிறது. அலை, ஒளி, உயர்வு, ஆற்றல் என்று அர்த்தம் சொல்கிறார்கள். த்ருஷ்டி என்றால் அவர்கள் மனசில் தொலைநோக்கு. நம் ஊரில் த்ருஷ்டி என்றால் பூசணிக்காய் உடைக்க வேண்டிய சமாசாரம்! சென்னையில் வளர்ந்த பிள்ளைக்கு இந்த ஊர்க் காதில் அந்தப் பெயர் எப்படி விழும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

தமிழ்ப் பெயர் வைத்திருந்தால் எல்லாம் சரியாகப் போயிருக்குமா? அந்த ஆசை எனக்கு இல்லை. 2006-இல் தமிழில் பெயர் வைக்கிற படங்களுக்குக் கேளிக்கை வரி கிடையாது என்று அரசு ஆணை போட்டது. தலைப்புகள் தடதடவென்று தமிழுக்கு மாறின. படங்கள் மாறினவா? அதே ஹீரோ, அதே ஐந்து பாட்டு, அதே கிளைமாக்ஸ். பெயர்ப்பலகையை மாற்றுவது சுலபம், கடையை மாற்றுவதுதான் கஷ்டம்.

உலகத்தை ஆள்கிற ஆபரேட்டிங் சிஸ்டங்களுக்கு எப்படிப் பெயர் வந்தது என்று பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். 1960-களில் அமெரிக்காவில் மல்டிக்ஸ் என்று ஒரு பிரம்மாண்டத் திட்டம். எல்லாம் செய்யும் என்றார்கள், முடிகிற வழியாக இல்லை. அதிலிருந்து பெல் ஆய்வகம் 1969-இல் விலகியது. அங்கே கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் சின்னதாக ஒன்று செய்தார்கள். மல்டிக்ஸைக் கிண்டல் செய்து சக ஊழியர்கள் வைத்த பெயர்தான் யூனிக்ஸ். 'அது பல, இது ஒன்றே ஒன்று' என்கிற நக்கல். அவ்வளவுதான்.

1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர், யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கவும் திருத்தவும் பங்கு போடவும் உரிமையுள்ள ஒரு சிஸ்டத்தை எழுதப் போவதாக அறிவித்தார். பெயர் க்னூ. விரித்தால் 'க்னூ என்பது யூனிக்ஸ் அல்ல'. அந்த விரிவிலும் க்னூ வரும். அதை மறுபடி விரித்தால் மறுபடியும் வரும். முடிவே கிடையாது. கம்ப்யூட்டர்க்காரர்களின் நகைச்சுவை அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1991-இல் ஃபின்லாந்தில் இருபத்தொரு வயசு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காக ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன் என்று சொல்லி ஆரம்பித்தார். தன் பெயரை வைப்பது அலட்டல் என்று நினைத்து 'ஃப்ரீயாக்ஸ்' என்று வைக்க எண்ணியிருந்தார். அதைச் சர்வரில் ஏற்றிக் கொடுத்தவர் அரி லெம்கே. அவருக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. கேட்காமலேயே 'லினக்ஸ்' என்று போட்டுவிட்டார். நிலைத்துவிட்டது. இன்று உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள் ஆழத்தில் இருப்பது அந்த லினக்ஸ்தான். இதில் ஸ்டால்மனுக்கு ஒரு மனக்குறை. எங்கள் பங்கும் அதில் பெரிசு, 'க்னூ/லினக்ஸ்' என்றே சொல்ல வேண்டும் என்பார். கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா பெயர் விட்டுப்போன மாதிரி ஒரு சண்டை. நியாயமான சண்டைதான்.

1993-இல் இயன் மர்டாக் என்ற அமெரிக்க மாணவர் லினக்ஸை ஒழுங்காகத் தொகுத்துக் கொடுக்க ஒரு திட்டம் தொடங்கினார். காதலியின் பெயர் டெப்ரா, தன் பெயர் இயன். இரண்டையும் ஒட்டி 'டெபியன்'. அதன் பதிப்புகளுக்கெல்லாம் 'டாய் ஸ்டோரி' கார்ட்டூன் படத்துப் பாத்திரங்களின் பெயர். 2000-இல் வந்த பதிப்பின் பெயர் என்ன தெரியுமா? பொட்டேட்டோ. உருளைக்கிழங்கு!

உருளைக்கிழங்கு உலகம் பூரா ஓடியது. தேஜஸுக்கு ஒளி கிடைக்கவில்லை.

அதைவிட வேடிக்கை, பாஸின் பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது அந்த டெபியன்தான். நம் பாரதத்துப் பெயருக்கு அடியில் டெப்ராவும் இயனும் கைகோத்து உட்கார்ந்திருக்கிறார்கள். இதைச் சொல்லிச் 'சுதேசியாம், சுதேசி!' என்று சிரிக்கிற ஆட்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. டெபியனை எடுத்து, உங்கள் தேவைக்கு மாற்றி, வேறு பெயர் வைத்துக் கொடுக்க எல்லோருக்கும் உரிமை இருக்கிறது. 2004-இல் வந்த உபுண்டுவும் டெபியன் குடும்பம்தான். மைக்ரோசாஃப்ட்டின் டாஸ் எங்கே பிறந்தது? சியாட்டில் நகரில் டிம் பேட்டர்சன் என்பவர் அவசரத்துக்கு எழுதிய ஒன்று. அவரே அதற்கு 'அவசர அழுக்கு ஆபரேட்டிங் சிஸ்டம்' என்று பொருள் வரும்படி க்யூ-டாஸ் என்று பெயர் வைத்திருந்தார். 1981 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் ஐம்பதாயிரம் டாலர் கொடுத்து அதன் முழு உரிமையை வாங்கியது. எம்.எஸ்-டாஸ் என்று லேபிள் ஒட்டியது. மீதிக் கதை உங்களுக்கே தெரியும்.

இளம்பிள்ளைக்காரர்களுக்கு இதில் ஆச்சரியமே இருக்காது. இங்கே நெய்த சேலை வெளியூர்ப் பெரிய கடையில் வேறு பெயரில், வேறு பெட்டியில், வேறு விலையில் தொங்குவதைப் பார்த்துப் பழகியவர்கள் அவர்கள்.

பி.காமில் 'குட்வில்' என்று ஒரு பாடம் உண்டு. ஒரு கடையை விற்கும்போது சரக்கு, மேஜை, நாற்காலி, பாக்கி எல்லாவற்றையும் மதிப்புப் போட்ட பிறகும் மிச்சமாக ஒரு தொகை கொடுப்பார்கள். பெயருக்கான விலை. எங்கள் வாத்தியார் அடித்துச் சொல்வார்: குட்வில்லை யாரும் போர்டு எழுதி உண்டாக்க முடியாது, வாடிக்கையாளர் திரும்பத் திரும்ப வந்தால்தான் அது உண்டாகும் என்று. பாஸ் விஷயத்தில் போர்டு பிரமாதமாக எழுதினார்கள். வாடிக்கையாளர் திரும்பி வர என்ன ஏற்பாடு செய்தார்கள்?

2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தது. பத்து வருஷத்துக்குள் ஐம்பது லட்சத்துக்கும் மேல் கொடுத்தார்கள். விண்டோஸோடு சேர்த்து பாஸும் அதில் ஏற்றிக் கொடுக்கப்பட்டது. ஏழை வீட்டில், தறிக்காரர் வீட்டில், முதல் தலைமுறையாகப் படிக்கிற பிள்ளையின் மடியில் ஒரு கம்ப்யூட்டர். அதற்குள் காசு கேட்காத, பூட்டு போடாத ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம். ஒரு புது மென்பொருளுக்கு இப்படியொரு வாசல் உலகத்தில் எத்தனை இடத்தில் திறந்திருக்கும்? கோடிக்கணக்கில் விளம்பரம் செய்தாலும் கிடைக்காத இடம் அது.

அந்த வாசலில் பாஸை நிறுத்திவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

தம்பியிடம் கேட்டேன். “ஸ்கூல்ல யாராச்சும் பாஸ் பத்திச் சொல்லிக் கொடுத்தாங்களா?”

“இல்லீங்க. லேப்டாப் குடுத்த அன்னிக்கு போட்டோ எடுத்தாங்க. அவ்ளோதான். எங்க செட்டுல பாதிப் பேரு மறுநாளே கடைல குடுத்து பாஸை அழிச்சுட்டு முழுசா விண்டோஸ் போட்டுட்டாங்க. எனக்குத்தான் அதுக்குக் காசு இல்ல, அதனால அப்பிடியே கெடக்குது.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இலவசமாகக் கொடுத்த பொருளைக் காசு கொடுத்து அழித்திருக்கிறார்கள் என்றால், அந்தப் பிள்ளைகளின் மேல் என்ன தப்பு? அது எதற்கு என்று அவர்களிடம் யாருமே சொல்லவில்லையே!

இன்னொரு கூத்தும் உண்டு. 2018-இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகம் விண்டோஸோடு உபுண்டுவையும் சொல்லிக் கொடுத்தது. நல்ல காரியம். ஆனால் கையில் கொடுத்த லேப்டாப்பில் இருந்தது பாஸ். இரண்டும் டெபியன் வழி வந்த ஒன்றுவிட்ட சகோதரர்கள், ஒன்று தெரிந்தால் மற்றது தெரிந்த மாதிரிதான் என்று ஒரு பக்கம் எழுதி ஒட்டியிருந்தால் பிள்ளைகள் பிழைத்திருப்பார்கள். புத்தகத்தில் ஒரு பெயர், பெட்டியில் ஒரு பெயர். பெயர்க் குழப்பம் என்பது அறிஞர்கள் சண்டை போடுகிற விஷயம் மட்டும் என்று நினைக்காதீர்கள். ஒரு பதினாறு வயசுப் பிள்ளை 'இது வேற போல' என்று நினைத்துக் கீழ் அம்புக்குறியைத் தட்டுவது அந்தக் குழப்பத்தால்தான்.

'எல்லாம் சரி சார், அதில் வேலை ஓடணுமே' என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயம். தம்பி டிசைன் போடுகிற சாஃப்ட்வேர் விண்டோஸில்தான் ஓடுகிறது. ஊர்க் கணக்கெல்லாம் எழுதுகிற டாலி, பெங்களூர்ச் சரக்கு, அதுவும் விண்டோஸில்தான். பாஸில் ஏற்றிக்கொள் என்று சொன்னால் அவர் தொழில் நின்றுவிடும். ஆபரேட்டிங் சிஸ்டம் என்பது தறி. நூலும் சாயமும் அட்டையும் கிடைக்காத தறியை இனாமாகக் கொடுத்து, ஏன் நெய்யவில்லை என்று கேட்க முடியுமா? விசைத்தறி ஊர்களுக்கான டிசைன் மென்பொருள், சின்னக் கடைகளுக்கான கணக்கு மென்பொருள் இவற்றை பாஸுக்காக எழுதவைக்க அரசு காசு ஒதுக்கியிருக்க வேண்டும். பெயர்ப் பட்டியலில் ஒன்பது பெயர் வைத்த நேரத்தில் ஒன்பது மென்பொருளுக்கு ஏற்பாடு செய்திருந்தால் போதும்.

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். கேரளத்தில் ஐ.டி. அட் ஸ்கூல் என்று ஆரம்பித்து, இப்போது கைட் என்று பெயர் மாறியிருக்கிற அமைப்பு, 2000-களின் நடுவிலிருந்தே அரசுப் பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்குக் கொண்டுவந்தது. அவர்கள் முதலில் பிடித்தது ஆசிரியர்களை. ஆயிரக்கணக்கான ஆசிரியர்களுக்குப் பயிற்சி. பாடப் புத்தகம் அதிலேயே. செய்முறைத் தேர்வும் அதிலேயே. 2018-இல் 'லிட்டில் கைட்ஸ்' என்று மாணவர் மன்றம் வைத்து, பள்ளிக்கூடக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்கிற வேலையில் பிள்ளைகளையே சேர்த்தார்கள். அவர்களும் உபுண்டுவை எடுத்துத்தான் மாற்றிக்கொண்டார்கள். ஆனால் ஒரு மலப்புரத்து மாணவியிடம் கேட்டால் 'அது என்னமோ' என்று சொல்லமாட்டாள்.

நம்மிடமும் ஆள் இல்லாமல் இல்லை. 2006, 2007 வாக்கில் எல்காட் நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர், தன் அலுவலகத்தையே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டினார். சென்னையிலும் காஞ்சிபுரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் பல வருஷமாகச் சம்பளமில்லாமல் சொல்லிக் கொடுத்திருக்கின்றன. 2012-இல் தொடங்கிய 'கணியம்' மின்னிதழ் இந்த விஷயங்களைத் தமிழிலேயே எழுதிவருகிறது. விழுப்புரத்தில் ஒரு குழு கிராமத்துப் பிள்ளைகளை உட்கார வைத்துக் கற்றுத் தருகிறது. பாஸ் என்று பெயர் வைத்தவர்களும் லேப்டாப் கொடுத்தவர்களும் இவர்களில் நாலு பேரைக் கூப்பிட்டு 'வாங்க, பள்ளிக்கூடத்துக்குப் போகலாம்' என்றிருந்தால் கதை வேறாகியிருக்கும்.

ஒரு நியாயமும் சொல்லிவிட வேண்டும். பாஸ் செய்த நல்ல காரியம் இந்திய மொழிகள். தமிழிலேயே மெனு, தமிழிலேயே தட்டச்சு என்பதை ஆரம்பத்திலிருந்தே முக்கியமாக எடுத்துக்கொண்டார்கள். அதை உழைத்துச் செய்த பொறியாளர்களை நான் குறை சொல்லவில்லை. பிள்ளை பெற்றவர்கள் தங்கள் வேலையைச் செய்தார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டியவர்கள்தான் பெயர்சூட்டு விழாவோடு நிறுத்திக்கொண்டார்கள்.

பழைய கதையை இப்போது ஏன் கிளறுகிறேன் என்றால், அதே விழா மறுபடி மறுபடி நடக்கிறது. 2023 ஜனவரியில் ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆதரவில் வளர்ந்த ஒரு நிறுவனம் போன்களுக்கான 'பரோஸ்' சிஸ்டத்தைக் காட்டியது. பாரத்தின் பெயரும் ஓ.எஸ்.ஸும் ஒட்டிக்கொள்ள, இந்தியில் நம்பிக்கை என்று பொருள்படும் 'பரோசா' காதில் ஒலிக்கிற சாமர்த்தியமான பெயர். மத்திய அமைச்சர்கள் போனைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள், படம் வந்தது. அடியில் இருப்பது கூகுள் வெளியிட்டிருக்கிற திறந்த ஆண்ட்ராய்டு. அதே வருஷம் ஆகஸ்டில் பாதுகாப்பு அமைச்சகம் உபுண்டுவை வைத்துச் செய்த சிஸ்டத்துக்கு 'மாயா' என்று பெயர். மாயை என்று நாமே அர்த்தம் பண்ணிக்கொண்டால் அவர்கள் பொறுப்பில்லை. இவற்றுக்குக் காரணம் இல்லை என்று சொல்லமாட்டேன். ராணுவத்துக்குச் சொந்தப் பூட்டு வேண்டும். ஆனால் மறுநாள் தலைப்புச் செய்தியில் வருவது பெயர் மட்டும்தான். யார் கற்றுத் தரப் போகிறார்கள், யார் ரிப்பேர் பார்ப்பார்கள், ஐந்து வருஷம் கழித்து யார் பொறுப்பு என்ற கேள்விகள் உள்பக்கத்தில்கூட வருவதில்லை. எங்கள் தொழில்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு, ஒப்புக்கொள்கிறேன்.

இதனால் நமக்கு என்ன நஷ்டம்? இரண்டு விஷயம் சொல்கிறேன். 2025 ஜூலையில், ஐரோப்பிய யூனியன் தடை விதித்ததும், நயாரா எனர்ஜி என்கிற எண்ணெய்க் கம்பெனிக்கு மைக்ரோசாஃப்ட் தன் சேவைகளை நிறுத்திவைத்தது. குஜராத்தில் சுத்திகரிப்பு ஆலை வைத்திருக்கிற கம்பெனி, தன் சொந்த மெயிலைத் திறக்க முடியாமல் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. சில நாளில் சேவை திரும்ப வந்தது. அது ஆபரேட்டிங் சிஸ்டம் இல்லை, மெயில் மாதிரியான சேவைதான். ஆனாலும் சாவி யார் கையில் இருக்கிறது என்பது அன்றைக்குத் தெரிந்தது.

இரண்டாவது, உங்கள் வீட்டு விஷயம். விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு நின்றன. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அடுத்த பதிப்பைப் பழைய கம்ப்யூட்டர்கள் பல ஏற்றுக்கொள்வதில்லை. புதுசு வாங்கு என்கிறது. இளம்பிள்ளை மாதிரி ஊர்களில் பில் போடுகிற, டிசைன் வைக்கிற, பிள்ளைகள் படிக்கிற பழைய பெட்டிகளை என்ன செய்வது? பெட்டிக்கு ஒரு குறையும் இல்லை, மேஸ்திரிதான் வேலையை விட்டுப் போய்விட்டார். இந்த இடத்தில் லினக்ஸ் குடும்பத்தில் எதையாவது காசில்லாமல் ஏற்றிக்கொண்டால் அந்தப் பெட்டி இன்னும் சில வருஷம் உழைக்கும். சேலை டிசைன் போட முடியாமல் போகலாம். பிள்ளை படிக்கலாம், கடிதம் எழுதலாம், இன்டர்நெட் பார்க்கலாம். ஆனால் அதை ஏற்றிக் கொடுக்க, ஏற்றின பிறகு சந்தேகம் கேட்க, பஸ் ஏறிப் போகிற தூரத்தில் ஓர் ஆள் வேண்டும். ஐம்பது லட்சம் பிள்ளைகளில் நூற்றுக்கு ஒருவர் அன்றைக்கு பாஸைக் கற்றிருந்தால், இன்றைக்குத் தமிழ்நாட்டில் அப்படி ஐம்பதாயிரம் பேர் இருந்திருப்பார்கள். லேப்டாப் கணக்கில் வராத நஷ்டம் இதுதான்.

அந்த அறையின் மூலையில் பழைய ஜக்கார்டு அட்டைகள் கோத்த கட்டு ஒன்று தொங்கியது. தம்பியின் அப்பா காலத்தது. அட்டையில் ஓட்டை இருந்தால் இழை தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. அப்படித்தான் டிசைன் விழும். 1804-இல் பிரான்ஸில் ஜோசப் மாரி ஜக்கார்டு கொண்டுவந்த இந்த அட்டையைப் பார்த்துத்தான் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கு அட்டை வைக்க நினைத்தார். கம்ப்யூட்டருக்குப் பாட்டன் வீடு தறிக்கூடம். தம்பி சொன்னார்: “ஓட்டை தப்பா விழுந்துட்டா அப்பா பேப்பர் ஒட்டி மூடிட்டு வேற எடத்துல அடிப்பாருங்க. அட்டையைப் பார்த்தே என்ன டிசைன்னு சொல்லிருவாரு.”

“பாஸும் அப்பிடித்தான்பா. உள்ள என்ன எழுதியிருக்குன்னு பார்க்கலாம், திருத்தலாம். விண்டோஸ்ல அது முடியாது” என்றேன்.

தம்பி என்னைப் பார்த்தார். லேப்டாப்பைப் பார்த்தார். “இதை அன்னிக்கே யாராச்சும் சொல்லியிருக்கலாமுங்களே” என்றார். அணைத்து மறுபடி ஆன் செய்தார். இந்த முறை அம்புக்குறியைத் தட்டவில்லை. முதல் வரியிலேயே என்டர். கொஞ்ச நேரம் ஓடி, அழகான ஒரு திரை வந்து, பாஸ்வேர்டு கேட்டது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தெரியாது. அவருக்குத் தெரிந்த நாலைந்தைப் போட்டுப் பார்த்தார். ஒன்றும் திறக்கவில்லை. அதற்குள் கடையிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள், சேலை முடிவாகிவிட்டதாம். எந்தச் சேலை என்கிறீர்கள்? முதலாவதாகப் பிரித்ததுதான்.

இரண்டு வாரம் கழித்துத் தம்பியிடமிருந்து போன். யூ டியூபில் தேடிப் பார்த்துப் பாஸ்வேர்டை மாற்ற வழி கண்டுபிடித்துவிட்டாராம். குரலில் சந்தோஷம்.

“உள்ள போயிட்டேன் சார். தமிழ்லயெல்லாம் வருது. ஆனா உள்ள போய் என்ன பண்றதுன்னுதான் தெரியல. சொல்லிக் குடுக்க நம்ம சேலத்துல யாராச்சும் இருக்காங்களா?”

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.